வாளும் எழுத்தும்

உள்ளத்திற் கருதிய பொருளை வெளிப்படக் கூறாது, அதனோடொத்த பிறிதொன்றைக் கூறி, கருதியதைக் கேட்போரே உய்த்துணருமாறு விடுத்தலைத் தண்டியலங்காரம் ஒட்டு என்னும் அணியாகக் கூறும். பிறிதுமொழிதல், நுவலாநுவற்சி என்பனவும் அதற்கு வழங்கும் பெயர்களே. மயிலிறகை ஏற்றிய வண்டியேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும்பொழுது, அவர் வண்டிக்காரனை நோக்கிப் பேசினாரல்லர் என்பதைச் சிறு வகுப்பு மாணவனும் அறிவான். எளியரென்று எண்ணப்படும் பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவனுங் கெடுவான் என்பதே ஆங்கு உட்கிடை. அரசனுக்கு அறிவு கொளுத்தப் புகுந்தவர் மயிலிறகையும் வண்டியையும் துணைக்கழைத்தது அணிநயங் கருதி மட்டுந்தானோ, சொல்வோன் தலைக்குக் காப்புக் கருதியுமோ என்று நாம் உயர்தர வகுப்பிற் கேட்பதுண்டு. விடை பலவாறு வரும். இவ்வினாவே எம்மைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனச் சண்டைப் படத்தினிடம் கொண்டுபோய் விட்டது.

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்ட மலர்க் குழுவினர் பரிமேலழகர் உரைத்திறனையோ கம்பன் கவிநயத்தையோ எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழ் கற்பிக்கும் ஒருவர் வாள்வீச்சுப் படத்தைப் பற்றி எழுதுவதா என்று மூத்த பழைய மாணவர் சிலர் புருவம் நெரித்தலுங் கூடும். மாணவர் இத்தகைய படங்களைப் பார்க்கத்தான் போகின்றனர். பார்ப்பதை ஆராய்ந்து பார்க்கட்டுமே என்பது எம் கருத்து. பார்க்காதே என்று சொல்லிப் பயன் கண்ட ஆசிரியரை நாம் இதுவரை கண்டிலோம்.

எம் இளமைப் பருவத்திற் பெரும்பகுதி, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளிற் கழிந்தது. அயலில் எவரேனும் மின்பிறப்பாக்கியை இயக்கிப் படம் காட்டுகின்றனர் என்று கேள்விப்பட்டால், பாயுந் தலையணையுமாகச் சென்று முற்றத்தில் இடம் பிடிப்போம். ஓரிரவில் மூன்று படங்கள் ஓடும். அவற்றுள் ஒன்றேனும் புரூஸ் லீயின் படமாயிருத்தல் வேண்டுமென்பது இளைஞர் வகுத்த எழுதாச் சட்டம். 1972 ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் எடுக்கப்பட்ட 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யை நாம் முதன்முதற் பார்த்தது அத்தகைய முற்றமொன்றிலேதான். கதை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து ஷங்காய் நகரில் நிகழ்கின்றது. கிழக்காசியாவின் நோயாளிகள் என்று எழுதிய பலகையை யப்பானிய மற்பயிற்சிக் கூடத்தார் சீன ஆசானின் சாவீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கின்றனர். மாணாக்கன் அவர்களுடைய கூடத்துக்குத் தனியனாகச் சென்று அனைவரையும் அடித்து வீழ்த்தி, அக்கடதாசியை அவர்களையே தின்னச் செய்கின்றான். நாயும் சீனரும் உட்புகலாகாதென்று பூங்கா வாயிலில் மாட்டியிருந்த பலகையை உதைத்து நொறுக்குகின்றான். ஈற்றில், தன்னை நோக்கி நீட்டிய துப்பாக்கிகளின் மீது பாய்கின்றான். அந்தரத்திலே படம் உறைந்து நிற்க, வெடியோசை மட்டுங் கேட்கின்றது.

அன்று நாம் கைதட்டினோம். இன்று நோக்கும்பொழுது அதனுள்ளும் ஓர் ஒட்டு உண்டென்பது தோன்றுகின்றது. நோயாளி என்று இகழப்பட்டது ஒரு நாடு. அவ்விகழ்ச்சிக்கு விடையாக நிற்பது நோயற்ற ஓர் உடல். பிரித்தானியர் ஆட்சியிலிருந்த ஒரு நகரத்தில், வேற்று நாட்டாரால் இழிவுபடுத்தப்பட்ட சீனரின் கதையைச் சொல்வதற்கு யப்பானியரைப் பகைவராக்கியதும் வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அப்படத்தில் உய்த்துணர்வதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. பகைவன் எவனென்பது பலகையிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வாறு எழுதிக் காட்டாத படமொன்றே எமக்கு வேண்டியிருந்தது.

அத்தகைய படம், வீரன் என்று பொருள்படும் பெயரோடு 2002 ஆம் ஆண்டு மார்கழியிற் சீனாவில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'ஹீரோ' என வழங்குவர். இயக்கியவர் சாங் யிமோ. ஜெட் லீ, டோனி லியுங், மகி சுங் முதலியோர் நடித்தனர். ஏறத்தாழ மூன்று கோடி அமெரிக்க டொலர் செலவில் எடுக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டு ஆவணியில் அமெரிக்காவில் வெளியானபொழுது, முதல் வார இறுதியில் வசூலில் முதலிடமும் பெற்றது.

கதை நிகழுங் காலம் கி. மு. மூன்றாம் நூற்றாண்டு. சீன நிலம் ஏழு நாடுகளாகப் பிரிந்து நெடுங்காலம் பொருதுகொண்டிருந்தது. அவற்றுள் வலிமை மிக்க சின் நாட்டரசன் ஏனை ஆறனையும் தன் குடைக்கீழ்க் கொணர முயல்கின்றான். கொல்ல வருவோர்க்கு அஞ்சி, எவருந் தன்னை நூறு காலடிக்குள் நெருங்கலாகாதென விதித்திருக்கின்றான். அவன் கொலுமண்டபம் வெறுமையாய்க் கிடக்கின்றது. ஒளிந்து கொள்ள ஒரு திரைச்சீலைதானும் இல்லை. அங்கே சிற்றூர் அதிகாரி ஒருவன் வருகின்றான். அவனுக்குப் பெயரில்லை, பெயரிலி என்றே அழைப்போம். அரசன் உயிருக்கு உலை வைத்துத் திரிந்த மூவரைத் தான் கொன்றுவிட்டதாகக் கூறி, அவர்தம் படைக்கலங்களைச் சான்றாகக் காட்டுகின்றான். ஒருவனை வென்றமைக்காக அரசனுக்கு இருபது காலடித் தொலைவில் அமரும் பேறு கிடைக்கின்றது. முறிந்த வாள் என்பவனையும் அவன் காதலி பறக்கும் பனியையும் வென்றமைக்காகப் பத்துக் காலடித் தொலைவு கிடைக்கின்றது. பத்துக் காலடிக்குள் எவரையும் தவறாது குத்த வல்லவன் பெயரிலி. அவன் சின் நாட்டிற் பிறந்தவனும் அல்லன். சின் படையாற் குடும்பத்தை இழந்த சாவ் நாட்டுப் பிள்ளை. கதை கேட்கக் கேட்க அரசனுக்கு ஐயம் வளர்கின்றது. தனக்கும் அவனுக்கும் இடையே எரியும் விளக்குச் சுடர்கள் அசைவதைக் கண்டு, வந்தவன் நெஞ்சிற் கொலை இருப்பதை உணர்ந்துகொள்கின்றான்.

ஒரே கதை நிறந்தோறும் வேறாகச் சொல்லப்படுகின்றது. பெயரிலி புனைந்து சொல்வது சிவப்பு, அரசன் ஊகித்துச் சொல்வது நீலம், நடந்தது வெள்ளை, முன்னொருகால் முறிந்த வாள் அரசனைக் கொல்லும் வாய்ப்பிருந்துங் கொல்லாது திரும்பிய நிகழ்ச்சி பச்சை. அந்நிறங்களின் அழகைப் பற்றி எழுதப் புகின் மலரின் பக்கங்கள் போதா. ஆதலின், விடுகின்றோம்.

கொல்லாது திரும்பியவன், பெயரிலியைத் தடுப்பதற்காக மணலில் இரண்டு எழுத்துக்களை எழுதிக் காட்டுகின்றான். சீன மொழியில் 'தியென்சியா' என்பர்: வானத்தின் கீழுள்ளது எல்லாம். பல்லாண்டுப் போரினாற் குடிகள் படுந் துன்பம் ஒருவன் கையால் எல்லாம் ஒன்றாகும்பொழுதே தீரும். அதனைச் செய்ய வல்லவன் சின் அரசன் ஒருவனே. ஆதலின் அவன் வாழட்டும். இதுவே அவ்விரு எழுத்துக்களின் கருத்து. கொலுமண்டபத்தில் இதனைக் கேட்ட அரசன், தன் பகைவன் ஒருவனே தன்னை அறிந்தான் என்று கண்கலங்கித் தன் வாளைப் பெயரிலியின் முன்னே எறிந்துவிட்டுப் புறங்காட்டி நிற்கின்றான். பெயரிலி பாய்ந்து, வாளின் பிடியால் மட்டுந் தொட்டு, கொல்லாது விடுகின்றான். பின்னர் மண்டபத்தை விட்டுத் தனியே நடந்து வாயிலை அடைகின்றான். சட்டம் நிறைவேற வேண்டுமென்று அமைச்சர் கூட்டம் ஒருகுரலாய் அரசனை நெருக்க, அரசன் கையசைக்க, ஆயிரக்கணக்கான அம்புகள் பாய்கின்றன. அம்புகள் செறிந்த அந்தப் பெருவாயிலில் ஓர் ஆளுருவம் மட்டும் வெற்றிடமாய்த் தெரிகின்றது. பெயரிலிக்கு வீரன் என்ற பட்டமும் சிறப்போடு கூடிய அடக்கமுங் கிடைக்கின்றன. அரசன் ஆறு நாடுகளையும் ஒன்றாக்கினான், போரை ஒழித்தான், நாட்டையுங் குடிகளையுங் காக்க நெடுஞ்சுவர் எழுப்பினான் என்ற எழுத்துக்களோடு படம் முடிகின்றது.

இக்கதையின் மூலம் சீமா சியான் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்த பழைய நிகழ்ச்சியாகும். கி. மு. 227 இல், யென் நாட்டு இளவரசன் ஏவ, ஜிங் கே என்பவன் சின் அரண்மனைக்குச் சென்றான். சின்னிலிருந்து தப்பியோடிய படைத்தலைவன் ஒருவனது தலையும், யென் நாடு விட்டுக்கொடுக்க இசைந்த நிலத்தின் வரைபடமும் அவன் கையிலிருந்தன. சுருட்டிய வரைபடத்துள்ளே நஞ்சூட்டிய குத்துவாள் இருந்தது. படம் விரிய விரிய வாள் வெளிப்பட்டது. அரசனின் கைச்சட்டையைப் பற்றிக் குத்த முயன்றான், சட்டை கிழிந்தது. அரசன் தூணைச் சுற்றி ஓடினான். அவனுடைய வாள் நீண்டதாகையால் உறையைவிட்டு வரவில்லை. அவையில் எவரும் படைக்கலம் ஏந்தலாகாதென்பது அரசன் விதித்த சட்டம். அச்சட்டத்தினால் அவையோர் வெறுங்கையராய்த் திகைத்தனர். அரண்மனை மருத்துவன் தன் மருந்துப் பையைக் கொலைஞன்மேல் எறிந்தான். அந்த இமைப்பொழுதில் அரசன் வாளை உருவினான். ஜிங் கே தோற்று மாண்டான். தோற்றவனுக்கு நூலில் இடம் தந்து, அவன் நெஞ்சுறுதியைப் போற்றி எழுதிய சீமா சியானும் வேறோர் அரசன்முன் உண்மை பேசியதற்காகக் கொடுந்தண்டம் பெற்றவரே. படைத்தலைவன் ஒருவனுக்காகப் பரிந்து பேசியதற்கு ஹான் பேரரசன் அவரது ஆண்மையை நீக்கினான்.

இவ்விடத்தில் எம் பெரியபுராணம் நினைவுக்கு வராத சைவர் இரார். வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறணிந்து, புத்தகக் கவளிகையுள் வாளை மறைத்து, மெய்ப்பொருள் நாயனாரின் அந்தப்புரம் வரை சென்றான். வரைபடச் சுருளில் வாள் சீனத்தில். ஏட்டுச் சுருளில் வாள் சேதி நாட்டில். அரசனை நெருங்குதற்கு எழுத்தே நுழைவுச்சீட்டு என்பதில் இரண்டு நாடும் ஒன்றுபட்டன. ஆயின் முடிவு நேர்மாறானது. திருக்கோவலூர் வேந்தர் குத்துண்டு வீழ்ந்தும், கொன்றவன் அணிந்த வேடத்தை மதித்து, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊரெல்லை கடத்திவிடுமாறு தத்தனைப் பணித்து, அது நிறைவேறிற்றென்று கேட்ட பின்னரே உயிர் நீத்தார். உயிர் விட்டவர் அரசர். பிழைத்துச் சென்றவன் கொலைஞன். சாங் யிமோவின் படத்திலோ கொலைஞன் அரசனை மன்னிக்கின்றான். அரசனால் அவனை வாயில் கடத்திவிட முடியவில்லை.

பழைய வரலாற்றுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கின்றது. ஜிங் கேயின் கை தோற்றது. பெயரிலியின் நெஞ்சு இசைந்தது. கை தோற்றவன் கதையை அரசன் விரும்பமாட்டான். நெஞ்சு இசைந்தவன் கதை எந்த அரசனுக்கும் இனிக்கும். இதனாலேயே மேனாட்டு விமரிசகர் சிலர், இப்படம் வல்லாட்சிக்குப் பாடிய வாழ்த்தென்று கடிந்தனர். பெய்ஜிங் அரசின் ஒருமைப்பாட்டுக் கொள்கையைச் சின் அரசன் வாயால் உரைக்கின்றது என்பது அவர்கள் வாதம். சாங் யிமோ தமக்கு அரசியல் நோக்கம் இல்லை என்றார். நுவலாநுவற்சியாற் பேசினோர் பிறகென்ன சொல்வர்?

அவரை எளிதிற் குற்றங் கூறவும் எமக்கு மனமில்லை. தந்தையார் கோமிந்தாங் படையில் இருந்தமையால், பண்பாட்டுப் புரட்சிக் காலத்திற் சாங் யிமோ வயலிலும் நெசவாலையிலும் உழைக்க நேர்ந்தது. 1978 இலேதான் திரைப்படக் கல்லூரியிற் புக முடிந்தது. 1991 இல் அவர் எடுத்த செவ்விளக்குப் படத்திற் செல்வர் ஒருவரின் மனைவியர் நால்வர் மதில் சூழ்ந்த மனையுள் ஒருவரையொருவர் அழிக்கின்றனர். எவருடைய அருளுக்காக இத்துணையும் நிகழ்கின்றதோ, அந்தத் தலைவனின் முகத்தை இயக்குநர் தெளிவாகக் காட்டுவதேயில்லை. அதன் உட்கிடையைச் சீனத் தணிக்கையாளர் உய்த்துணர்ந்தனர் போலும். படம் தொடக்கத்தில் அந்நாட்டில் தடுக்கப்பட்டது. 1994 இல் எடுத்த 'வாழ்தல்' என்ற படத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின் வந்த இந்த வாள்வீச்சுப் படத்தில் ஆள்பவனுக்கு முகமும் உண்டு, கண்ணீரும் உண்டு. 2008 இற் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை அமைத்தவரும் இவரே. பெரும் அச்செழுத்துக் கட்டைகள் எழுந்துந் தாழ்ந்தும் இணக்கம் என்னும் பொருளுடைய சீன எழுத்தைக் காட்டியதை எம் மாணவர் காணொளியிற் பார்த்திருக்கின்றனர். ஒவ்வொரு கட்டையின் கீழும் ஓர் ஆள் குந்தியிருந்தான் என்பது கட்டைகள் திறந்தபின்னரே தெரிந்தது.

எழுத்து என்றவுடன், இப்படத்தில் எம்மை விட்டகலாத காட்சிக்கு வந்துவிட்டோம். சாவ் நாட்டில் எழுத்துக்கலைப் பள்ளியொன்று. முறிந்த வாளும் பறக்கும் பனியும் அங்கே மறைந்து வாழ்கின்றனர். வாள் என்னும் ஒரு சொல்லை எழுதப் பத்தொன்பது வடிவங்கள் உண்டு; இருபதாவது வடிவத்தில் எழுதித் தருமாறு பெயரிலி வேண்டுகின்றான். அவ்வேளை சின் படை பள்ளியை வளைத்து அம்பு மழை பொழிகின்றது. கூரையைத் துளைத்து அம்புகள் வீழ, மாணாக்கர் எழுந்து ஓடுகின்றனர். நரைத்த தாடியுடைய ஆசிரியர் அவர்களை மறித்து, சின்னின் அம்பு எம் நகரை உடைக்கலாம், நாட்டை அழிக்கலாம், எம் எழுத்தை அழிக்க முடியாது என்ற கருத்துப்படக் கூறி, மீண்டும் இருக்கையில் அமர்ந்து மணற்றட்டில் எழுதத் தொடங்குகின்றார். மாணாக்கரும் ஒவ்வொருவராய்த் திரும்பி வந்து அமர்ந்து எழுதுகின்றனர். சிலர் எழுதியபடியே சாய்கின்றனர்.

பின்னர்க் கொலுமண்டபத்தில் இச்செய்தியைக் கேட்ட அரசன், ஒரு சொல்லுக்குப் பத்தொன்பது வடிவமா, என்ன தொல்லை, ஆறு நாட்டையும் வென்றபின் ஏனையவற்றை ஒழித்து ஒன்றையே வைப்பேன் என்கின்றான். ஏதோ ஒழுங்கையைச் செப்பனிடுவேன் என்பது போன்ற இயல்பான பேச்சு. வரலாற்றிலும் அவ்வாறே செய்தான். கி. மு. 221 இல் நாடு ஒன்றான பின், லீ சி என்னும் அமைச்சன் துணையோடு எழுத்தும், நிறையும், அளவும், வண்டியச்சின் அகலமும் ஒன்றாக்கப்பட்டன. இவற்றாற் பயனில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தம்முட் பேசினால் விளங்காத வட்டாரத்துச் சீனர் இன்றும் ஒரே எழுத்தை வாசித்தறிகின்றனர். எம் எழுத்துந்தான் மாறியது. 1978 இல் தமிழ்நாட்டரசின் ஆணையால் ணையும் லையும் தம் பழைய கொம்பை இழந்தன. முதிய பழைய மாணவர் கையெழுத்தில் அக்கொம்பை இன்றுங் காண்கின்றோம். எவருக்கும் அதனாற் கேடு வந்ததில்லை. ஆயின் சின் அரசன் எழுத்தோடு நிற்கவில்லை. கி. மு. 213 இல், அதே லீ சியின் ஆலோசனைப்படி, மருத்துவம், நிமித்தம், வேளாண்மை ஆகியன ஒழிந்த நூல்கள் பலவற்றை எரிக்குமாறு ஆணை பிறந்தது. நூல் எரிதல் என்றால் யாதென்று, 1981 ஐ அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஒரு மொழி போதும் என்று சொல்வதன் இலகுவும் அதன் விலையும் 1956 இற் பாடசாலை சென்ற எம் மூத்தோர் அறிவர். படத்தின் ஈற்றெழுத்துக்கள் இந்த ஆணையைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. பேரரசன் கி. மு. 210 இல் மாண்டதையும், லீ சி இரண்டு ஆண்டுகளின் பின் கொலைத்தண்டம் பெற்றதையும், நாட்டை ஒன்றாக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சின் மரபே வீழ்ந்ததையும் சொல்லவில்லை.

ஆகவே, அம்பு மழையில் எழுதும் ஆசிரியரே இப்படத்துக்கு விடை கூறிவிட்டார் என்பது எம் துணிபு. வானத்தின் கீழுள்ளது எல்லாம் ஒன்றாகுக என்று படத்தின் வாய் சொல்கின்றது. ஒன்றாக்க வரும் அம்புகள் எங்கே வீழ்கின்றன என்று படத்தின் கண் காட்டுகின்றது. வாய் சொல்வதையும் கண் காட்டுவதையும் ஒன்றாக எண்ணியமையாற்போலும் சீன அரசு படத்தை வரவேற்றது. அதே காரணத்தால் மேனாட்டு விமரிசகர் வெறுத்தனர். ஒட்டணியின் இயல்பே இது. ஒத்த பொருளொன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், அது கொணர்ந்தவன் கருதியதை மட்டுந்தான் சொல்லும் என்பதற்கு எவருறுதி?

இதனை வகுப்பிற் கூறியபொழுது மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அந்த வாத்தியார் வருவது பெயரிலி முதலிற் சொன்ன கதையில். அந்தக் கதை பொய் என்று பிறகு தெரிகின்றதே. அப்படியானால் வாத்தியாரும் பொய்தானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இயக்குநர் தம் படத்திலுள்ள மிக உறுதியான எதிர்ப்புக் குரலைப் பொய்க் கதையினுள் வைத்துப் பாதுகாத்தாரோ, அல்லது பொய்யென்று தள்ளிவிட்டாரோ! எம் விடை இதுவாயிருந்தது: பெயரிலியின் கதையிற் பொய்யாவது காதலரின் பொறாமையும் சாவுமே. இருபதாம் வடிவத்தில் எழுதிய சுருள் பொய்யன்று. அரசன் முன்னே அது தொங்குகின்றது. அரசன் அதனை நோக்கியே கலங்குகின்றான். எழுத்து இருக்குமாயின் எழுதிய பள்ளியும் இருந்திருத்தல் வேண்டும். மாணவன் முழுவதும் இசைந்தானில்லை. அமர்ந்தபின்னும் பக்கத்திலிருந்தவனோடு வாதிட்டுக்கொண்டிருந்தான்.

வேறொருவன், "போர் நின்றால் நல்லதுதானே, சேர்? யார் நிறுத்தினால் என்ன?" என்றான். இவ்வினாவை எள்ளி நகையாட எம்மால் இயலவில்லை. 2009 இற் கைக்குழந்தைகளாயிருந்தோரே இன்று எம் உயர்தர வகுப்புக்களில் இருக்கின்றனர். அவர்களை ஏந்திக்கொண்டு நடந்த தாய்மாரைக் கேட்டால், போர் நின்றது என்ற சொல்லின் நிறையை அவர்கள் சொல்வர். முறிந்த வாளின் வாதம் வலிமையற்றது என்று எண்ணுவோர் அவ்வாதத்தைக் கேட்கவேயில்லை என்றே கூறுவோம். துன்பம் தீரட்டும் என்று ஒருவன் தன் பழியை விடுவது பெருந்தகைமை. எம் மறுப்பு அதன்மீதன்று. அப்பெருந்தகைமைக்கு அரசன் திருப்பித் தந்தது என்ன என்பதன்மீதே. தன்னைக் கொல்லாது விட்ட ஒருவனைக் காப்பாற்றும் வலிமை, ஆறு நாட்டை வெல்லும் அவனிடம் இல்லை. அமைச்சர் கூட்டம் கத்துகின்றது. சட்டம் சட்டம் என்கின்றது. அவன் தயங்கித் தயங்கிக் கையை அசைக்கின்றான். அவையோர் படைக்கலம் ஏந்தலாகாதென்ற சட்டம் மெய்யான அரசனைத் தூணைச் சுற்றி ஓட வைத்தது. இங்கும் அவன் இயற்றிய சட்டம் அவனையே ஆட்டுகின்றது. நூறு காலடித் தொலைவு கொலைஞரை விலக்க வகுத்தது. அதற்குள் வந்த நண்பன் ஒருவனையும் அது பிழைக்க விடவில்லை. அம்பெய்த ஆயிரவருள் ஒருவன் முகமும் எமக்கு நினைவில் இல்லை.

இதே வரலாற்றைச் சென் கைகே என்னும் இயக்குநர் 1998 இல் வேறு முறையிற் படமாக்கினார். அதில் அரசன் நல்லெண்ணத்தோடு தொடங்கிச் சிறிது சிறிதாகக் கொடியவனாகின்றான். ஜிங் கே கொல்ல முயன்றே மாள்கின்றான். அது வரலாற்றுக்கு நெருக்கமானது, அறநோக்கும் தெளிவானது. ஆயினும் கலையென்ற வகையில் சாங் யிமோவின் படமே எம்மை மீண்டும் மீண்டும் இழுக்கின்றது. தெளிவில்லாத படத்திலேதான் தமிழாசிரியனுக்கு வேலை மிகுதி.

வகுப்பில் மற்றொரு பயிற்சியுஞ் செய்வித்தோம். மணலில் எழுதிய அந்த இரண்டு எழுத்துக்களை அமெரிக்காவில் வெளியிட்டோர் எமது நிலம் என்னும் பொருள்பட மொழிபெயர்த்தனர். வானத்தின் கீழுள்ளது எல்லாம் எங்கே, எமது நிலம் எங்கே! உலகளாவிய ஒரு சொல் மொழிபெயர்ப்பில் ஒரு நாட்டின் வேலியுள் அடைபட்டது. அச்சொல்லைத் தமிழிற் கூறுக என்று மாணவரைக் கேட்டோம். வையகம், ஞாலம், உலகு, பார், நாடு, தேசம் என்று கரும்பலகை நிறைந்தது. ஒருவன் ஊர் என்று எழுதினான். கணியன் பூங்குன்றனாரை நினைத்து எழுதினாயோ என்று கேட்டோம். இல்லை, முறிந்த வாள் தன் ஊருக்குத் திரும்பிப் போகத்தானே விரும்பினான் என்றான். படத்திற் பறக்கும் பனியும் இறக்குந் தறுவாயில் ஊர் திரும்புதலையே பேசுகின்றாள். அம்மாணவன் அதனைக் குறித்து வைத்திருக்கின்றான், நாம் குறித்திருக்கவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவன் மொழிபெயர்ப்புப் பிழை. புள்ளி எவ்வளவு இடுவதென்று இரண்டு நாள் எண்ணினோம்.

வருந் தவணையிற் சென் கைகேயின் படத்தையுங் காட்டி, இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவிக்க எண்ணியுள்ளோம். அதிபர் அவர்கள் இசைந்துள்ளார்கள், ஒளியெறிகருவியும் கிடைக்கும். படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், நாற்பது நிமிடப் பாடவேளைகள் நான்கை அடுத்தடுத்து யாரிடம் இரந்து பெறுவது என்பதே இப்பொழுதுள்ள இடர்ப்பாடு. கணித ஆசிரியரைக் கேட்டிருக்கின்றோம்.